முட்டை நின்ற கோழியும் முறையான உணவும்



சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பது முன்னோர் வாக்கு. அடுக்களையைக் குறித்துச் சொல்லப்பட்ட இவ்வாக்கு, அடுக்களைக்குப் பின்புறத்தே மண்ணைக் கிளறி நிற்கும் கோழிக்கும் அப்படியே பொருந்தும். கோழியின் இரைப்பைக்குள் எது செல்கிறதோ அதுவே முட்டையாக வெளிவருகிறது. உள்ளே செல்லாத பொருள் வெளியே வருவதற்கு வழியில்லை. இவ்வளவு எளிய உண்மை பல வீடுகளில் மறந்துபோய்விடுகிறது. ஒழுங்காக முட்டையிட்டு வந்த கோழி ஒருநாள் நின்றுவிட்டால், கண்ணூறு பட்டுவிட்டது என்பார் ஒருவர். கோழி சோம்பேறியாகிவிட்டது என்பார் இன்னொருவர். இனி அது எதற்கும் உதவாது என்று கத்தியைத் தீட்டுவார் மூன்றாமவர். உணவுச் சட்டியில் கவனம் செலுத்தாதவர்கள் கோழியையே குழம்புச் சட்டிக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

கொட்டகலைப் பகுதியை எடுத்துக்கொள்வோம். ஹட்டனை விட்டுத் தலவாக்கலை நோக்கிப் புறப்படும் புகையிரதம், சிங்கமலைச் சுரங்கத்தைக் கடந்து அடையும் நிலையம் அது. கடல் மட்டத்துக்கு 1,200 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில், எப்பக்கம் நோக்கினும் தேயிலையே தெரியும் ஊர். மே மாதம் பிறந்தால் தென்மேற்குப் பருவக்காற்று மழையையும் மூடுபனியையும் நாட்கணக்காகக் கொண்டுவந்து சேர்க்கும். அங்குள்ள தோட்டங்களில், லயங்களின் பின்புறத்தே கோவா, கரட், லீக்ஸ், போஞ்சி எனச் சிறு சிறு மரக்கறிப் பாத்திகள் இருக்கும். அவற்றை ஒட்டித் தகரத்தாலும் பலகையாலும் அமைந்த கோழிக்கூடு ஒன்று நிற்கும். அதனுள் நான்கைந்து நாட்டுக்கோழிகளும் ஒரு சேவலும் அடைந்திருக்கும்.

விடியற்காலையில் வீட்டுத் தாய் எழுந்து, தேநீர் வைத்து, ரொட்டி சுட்டு, குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுக் கொழுந்து மலைக்கு விரைகிறாள். போகும் அவசரத்திலே கூட்டைத் திறந்து, மிஞ்சிய ரொட்டியையோ பழைய சோற்றையோ வீசிவிட்டுப் போகிறாள். மாலையில் திரும்பியதும் மீண்டும் ஒரு கைப்பிடி. இத்தகைய தாய்மார் இருவர் குழாயடியில் சந்தித்தால் பேச்சு இப்படித்தான் நடக்கும்:

“என்ன அக்கா, உங்கள் கோழி இன்னும் முட்டை வைக்கவில்லையா?”

“எங்கே வைக்கிறது, தங்கச்சி! மூன்று மாதமாயிற்று. தின்பதில் மட்டும் ஒரு குறைவும் இல்லை.”

தின்பதில் குறைவில்லை என்ற அந்த ஒரு சொல்லிலேதான் முழுச் செய்தியும் அடங்கியிருக்கிறது. கோழி தின்கிறது, ஆனால் எதைத் தின்கிறது? வயிறு நிறைவது வேறு, சத்து நிறைவது வேறு. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மனித குலத்துக்கு உணர்த்தியவற்றுள் கோழிகளுக்கும் சிறப்பான ஓர் இடம் உண்டு. அந்த வரலாற்றை ஒருகணம் நினைவுகூர்வது பயன் தரும்.

1890ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியா நகரிலே, கிறிஸ்தியான் எய்க்மன் என்னும் ஒல்லாந்த வைத்தியர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். நோய்க்குக் காரணம் ஏதோ ஒரு கிருமி என்பதே அந்நாளைய எண்ணம். அவருடைய ஆய்வுகூடத்திலே வளர்ந்த கோழிகளுக்கு எதிர்பாராத வகையில் கால்கள் தளர்ந்தன, நடை தள்ளாடியது, பல மடிந்தன. சில மாதங்கள் கழிந்தபின், யாரும் மருந்து கொடுக்காமலே எஞ்சிய கோழிகள் தேறின. விசாரித்தபோது, கோழிகளுக்கு இராணுவ வைத்தியசாலைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு கொடுக்கப்பட்டு வந்தது தெரியவந்தது. புதிதாக வந்த சமையற்காரர், படைவீரரின் சோற்றைக் கோழிகளுக்குத் தர மறுத்துவிட்டார். அதன்பின் தீட்டாத அரிசி தீனியாயிற்று, நோயும் நீங்கிற்று. தீட்டும்போது கழிந்துபோன தவிட்டிலே உயிர் காக்கும் பொருள் ஒன்று இருந்தது என்பதை 1901இல் அவருக்குப் பின்வந்த கெரிட் கிரெய்ன்ஸ் தெளிவாக்கினார். அப்பொருளே இன்று விற்றமின் பி1 எனப்படும் தயமின். எய்க்மனுக்கு 1929இல் நோபெல் பரிசு கிடைத்தது. ஒரு சமையற்காரரின் கண்டிப்பும் சில கோழிகளும் சேர்ந்து உலகுக்கு உணவியலில் பெரியதொரு பாடம் புகட்டின.

பத்தாவியாவின் கோழிகள் வயிறார உண்டன, ஆயினும் நோயுற்றன. கொட்டகலையின் கோழியும் வயிறார உண்கிறது, ஆயினும் முட்டையிடவில்லை. அங்கே குறைந்தது தயமின். இங்கே குறைவது பெரும்பாலும் இரண்டு பொருள்கள்: ஒன்று புரதம், மற்றொன்று சுண்ணாம்புச் சத்தாகிய கல்சியம்.

முதலில் புரதத்தின் கணக்கைப் பார்ப்போம். நாட்டுக்கோழியின் சிறிய முட்டையிலே ஏறத்தாழ 5 கிராம் புரதம் இருக்கிறது. கோழி உண்ணும் புரதம் முழுவதும் முட்டையாகிவிடுவதில்லை. சுமார் பாதியளவே அவ்வாறு சேர்கிறது. அதாவது ஒரு முட்டைக்கு 10 கிராம் வேண்டும். உடலைக் காக்கவும், இறகைப் புதுப்பிக்கவும் மேலும் 3 அல்லது 4 கிராம் வேண்டும். ஆகவே முட்டையிடும் நாட்டுக்கோழி நாளொன்றுக்கு 13, 14 கிராம் புரதத்தை உண்டாக வேண்டும். இனி வரவைப் பார்ப்போம். 100 கிராம் கோதுமை மா ரொட்டியிலே 8 கிராம் அளவே புரதம் கிடைக்கும். 100 கிராம் சோற்றிலோ நீரே பெரும்பங்கு. புரதம் 3 கிராமுக்கு மேல் இராது. வரவு 8, செலவு 14 என்றால் எந்தக் குடும்பமும் கடன்படும். கோழி கடன்படுவதில்லை, செலவை நிறுத்திவிடுகிறது. முட்டையிடுவதை நிறுத்துவதே கோழி தன் உயிரைக் காத்துக்கொள்ளும் சிக்கனம். அதைச் சோம்பல் என்பது அறியாமை.

சோறும் ரொட்டியும் மேலும் மேலும் கொடுத்தால் குறை தீருமா எனின், தீராது. மாச்சத்து மிகுந்து புரதம் குறைந்த தீனியால் கோழி கொழுக்கிறது. அடிவயிற்றில் கொழுப்புப் படிகிறது. முட்டை மேலும் தூரமாகிறது.

அடுத்தது கல்சியம். ஒரு முட்டை ஓட்டின் நிறை 4 அல்லது 5 கிராம். அது கிட்டத்தட்ட முழுவதும் சுண்ணாம்புக் கல்லின் அதே பொருள். ஒரு முட்டை உருவாக ஒரு நாளுக்குச் சற்று மேலான நேரம் ஆகிறது; அதில் 20 மணி நேரமளவு ஓடு கட்டுவதிலேயே கழிகிறது. அந்த வேலையின் பெரும்பகுதி கோழி உறங்கும் இரவிலே நடக்கிறது. தீனியில் கல்சியம் போதாவிட்டால் கோழி தன் கால் எலும்பில் சேமித்து வைத்திருப்பதைக் கரைத்து ஓட்டைக் கட்டுகிறது. தன் எலும்பைக் கரைத்து முட்டைக்கு ஓடு போர்த்தும் பறவையை இரக்கமற்றது என்று யார் சொல்லமுடியும்? அச்சேமிப்பும் குறையும்போது முதலில் தோல் போன்ற மெல்லிய ஓட்டு முட்டை வரும். பின்னர் முட்டையே நின்றுவிடும்.

இங்கே மலைநாட்டுக்கே உரிய ஓர் இடர்ப்பாடு உண்டு. தேயிலை புளிப்பான மண்ணை விரும்பும் செடி. அது செழித்து வளரும் மலைமண்ணில், காலங்காலமாகப் பெய்த பெருமழை சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு போய்விட்டது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் மண்ணைக் கிளறும் கோழிக்குத் தரையே ஓரளவு கல்சியத்தைக் கொடுக்கும்; கரையோரத்துக் கோழிக்குச் சிப்பித் துண்டுகள் கிடைக்கும். கொட்டகலைக் கோழி நாள் முழுதும் கிளறினாலும் அவ்வரவு அதற்கு இல்லை. ஆகவே தேயிலைக்கு இதமான மண், கோழியின் முட்டை ஓட்டுக்குப் பகையாக அமைந்துவிடுகிறது.

குளிரும் ஒரு காரணமே. மழைக்காலத்தில் கோழி தன் உடற்சூட்டைக் காக்க அதிகத் தீனியை எரிக்கிறது. அதே வேளையில் வெளியே சென்று புழு பூச்சி பொறுக்கும் நேரம் குறைகிறது. செலவு கூடி வரவு குறையும் காலம் அது. மேலைநாட்டு நூல்கள், குளிர்காலத்தில் பகற்பொழுது சுருங்குவதால் முட்டை நின்றுவிடும் என்று கூறும். இலங்கையிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணி நேரமே. ஆதலின் நம் நாட்டில் பகலைக் குற்றஞ்சாட்டுமுன் தீனித் தட்டை நோக்குவதே முறை.

குறை இன்னதென்று தெரிந்தபின் பரிகாரத்தை நாடுவோம். அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு கிலோகிராம் கலவைத் தீனிக்கு இப்படி ஒரு கணக்குக் கொள்ளலாம்: உடைத்த சோளம் அல்லது குறுநொய் 450 கிராம், அரிசித் தவிடு 250 கிராம், தேங்காய்ப் புண்ணாக்கு 200 கிராம், தூளாக்கிய நெத்தலிக் கருவாடு அல்லது கருவாட்டுத் தலைகள் 100 கிராம். இக்கலவையில் நூற்றுக்கு 15, 16 பங்கு புரதம் சேரும். முட்டையிடும் கோழிக்கு அது போதுமானது. எய்க்மன் ஆய்வுகூடத்தில் நோயை விரட்டிய தவிடும் இதில் இருக்கிறது.

கருவாட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கோழிக்கு உப்பு மிகுந்தால் அது நஞ்சாகும். ஆகவே கருவாட்டைத் தண்ணீரில் இரண்டு முறை ஊறவைத்து, அந்நீரைக் கொட்டி, நன்கு காயவைத்த பின்னரே இடிக்கவேண்டும். சொன்ன அளவுக்கு மேல் சேர்த்தால் முட்டையிலும் மீன் வாடை வீசும்.

கோழி ஒன்றுக்கு இக்கலவையில் 60 கிராம் கொடுத்தால், மீதியைத் தோட்டத்தில் மேய்ந்து தேடிக்கொள்ளும். அடைமழை நாட்களில் மேய வழியில்லாதபோது 100 கிராம் வரை கொடுக்கலாம். மாட்டுச் சாணக் குவியலையும் இலைதழைக் குப்பையையும் கிளறவிட்டால், மண்புழுவும் வண்டின் புழுவும் கிடைக்கும். விலையில்லாத உயர்ந்த புரதம் அது. மரக்கறிப் பாத்தியில் கழிக்கும் கோவாவின் வெளியிலை, கரட் இலை, முள்ளங்கி இலை, வல்லாரை ஆகியவற்றைக் கூட்டின் ஓரத்தில் கட்டித் தொங்கவிட்டால் கோழிகள் கொத்தித் தின்னும். மஞ்சட்கருவின் நிறமும் அதனால் சிறக்கும். மருந்து தெளித்த பாத்தியின் இலையையும், களைநாசினி அடித்த தேயிலை நிரையின் புல்லையும் மட்டும் தவிர்க்கவேண்டும்.

வேறு சிலவற்றையும் விலக்கவேண்டும். பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்குத் தோல் நஞ்சுடையது. காய்ந்த போஞ்சி விதையைப் பச்சையாகக் கொடுத்தலாகாது. நன்றாகக் கொதிக்கவைத்தே கொடுக்கவேண்டும். தேயிலை நாட்டிலே மலிவாகக் கிடைக்கும் தேநீர்ச் சக்கையையும் தீனியில் சேர்க்கக்கூடாது. அதிலுள்ள துவர்ப்புப் பொருள் புரதத்தைப் பற்றிக்கொண்டு உடலிற் சேரவிடாது.

கல்சியத்துக்கு வீட்டிலேயே வழி உண்டு. உண்டு கழித்த முட்டை ஓடுகளைக் கழுவி, அடுப்பின் ஓரத்தில் நன்கு காயவைத்து, உருத்தெரியாமல் நொறுக்கவேண்டும். முழு ஓடாகப் போட்டால் கோழிகள் தம் முட்டையையே உடைத்துக் குடிக்கப் பழகிவிடும். ஓடு போதாவிடில் கடையில் கிடைக்கும் சிப்பித் தூளை வாங்கலாம். இதனைத் தீனியோடு கலவாமல் தனித்தட்டில், குறிப்பாக மாலை வேளையில் வைப்பது நல்லது. வேண்டிய கோழி வேண்டிய அளவு தானே எடுத்துக்கொள்ளும். குஞ்சுகளுக்கு மிகுதியான கல்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால், தனித்தட்டு அவற்றுக்கும் பாதுகாப்பு. அரைக்கும் இரைப்பைக்குப் பருமணலும் வேண்டும். பல்லில்லாத பறவைக்கு அதுவே அம்மியும் குழவியும்.

தோட்டங்களில் தேயிலைக்கு இடும் டொலொமைட் தூளும் சுண்ணாம்புதானே என்று எண்ணிக் கோழிக்கு வைப்பது பிழை. அதில் மக்னீசியம் மிகுந்திருப்பதால் கழிச்சல் உண்டாகும், முட்டையும் குறையும். வெற்றிலைக்குத் தடவும் நீற்றுச் சுண்ணாம்போ வாயையும் தொண்டையையும் வேகவைத்துவிடும். இரண்டையும் கோழித் தட்டின் அருகே கொண்டுவரலாகாது.

தண்ணீரைப் பலர் தீனியாகவே எண்ணுவதில்லை. ஆனால் முட்டையின் நான்கில் மூன்று பங்கு நீரே. கோழி உண்ணும் தீனியைப்போல் இருமடங்கு நீர் குடிக்கும். ஒருநாள் தண்ணீர் இல்லாமற் போனாலே முட்டை தடைப்பட்டுவிடும். கொழுந்துக்குப் போகுமுன் நிழலில் ஒரு மண்சட்டி நிறையத் தண்ணீர் வைப்பது ஒரு நிமிட வேலை.

மலைநாட்டு ஈரத்தில் தவிடும் புண்ணாக்கும் விரைவில் பூஞ்சணம் பிடிக்கும். அப்பூஞ்சணம் ஈரலைக் கெடுக்கும் நஞ்சை உண்டாக்க வல்லது. இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, மூடியுள்ள தகரப் பெட்டியில், நிலத்திலிருந்து உயர்த்தி வைக்கவேண்டும். நிறம் மாறி நாற்றமெடுத்த தீனியைத் தயங்காது குழியில் புதைத்துவிடுதலே சிக்கனம்.

இவ்வளவும் செய்தவுடன் மறுநாள் காலையில் கூட்டிலே முட்டை தேடுவது வீண். மஞ்சட்கரு வேகமாகத் திரண்டு முதிர்வதற்கு மட்டும் பத்து நாட்களளவு வேண்டும். அதற்குமுன் வாடிய உடல் தேறவேண்டும். ஆகவே இரண்டு வாரம் முதல் நான்கு வாரம் வரை பொறுத்திருக்கவேண்டும். இடையிலே முன்னேற்றத்தைக் கண்டறியச் சில அடையாளங்கள் உண்டு. நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். கத்தி விளிம்புபோல் கூராக இருந்தால் கோழி மெலிந்திருக்கிறது. வெளிறிச் சுருங்கிய கொண்டை சிவந்து தடிப்பது நல்ல அறிகுறி. வாலின் கீழே இரு இடுப்பெலும்பு முனைகளுக்கு நடுவே இரண்டு மூன்று விரல்கள் நுழைந்தால் முட்டை அண்மையில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

முட்டை நிற்பதற்கு உணவு ஒன்றே காரணம் என்று சொல்வதும் உண்மையாகாது. நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டையிட்டபின் அடை கிடப்பது இயல்பு. இறகு உதிர்க்கும் காலத்தில் புரதம் முழுவதும் புதிய இறகுக்கே போய்விடும். அப்போது முட்டை நிற்பதும் இயல்பே. குடற்புழு பெருகினால் கொடுக்கும் தீனியில் ஒரு பங்கைப் புழு தின்னும். பேனும் உண்ணியும் கோழியை வாட்டும். பச்சைக் கழிச்சல், மூச்சுத் திணறல், கழுத்துத் திருகல் தோன்றினால் அது ராணிக்கெட் நோயாக இருக்கலாம். அதற்குத் தீனி மருந்தாகாது. வருமுன் காக்கும் தடுப்பூசியே வழி. அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகத்தை நாடினால் தடுப்பூசிக்கும் புழு மருந்துக்கும் ஆலோசனை கிடைக்கும். நாட்டுக்கோழி ஆண்டுக்கு 40 முதல் 60 முட்டையளவே இடும் இயல்புடையது என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும். பண்ணைக்கோழியைப்போல் 300 முட்டை கேட்பது அதற்கு இழைக்கும் அநீதி. நல்லுணவு செய்வது இதுதான்: ஓர் ஈட்டுக்கும் அடுத்த ஈட்டுக்கும் இடையே வீணாகக் கழியும் மாதங்களைக் குறைக்கிறது, ஒவ்வோர் ஈட்டிலும் கிடைக்கும் முட்டையைக் கூட்டுகிறது.

நான்கு கோழியின் தீனிக்கு இத்தனை பேச்சா என்று சிலர் எண்ணக்கூடும். அண்மைய அனுபவம் அதற்கு விடை கூறும். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதை அடுத்து நாட்டின் சோள விளைச்சல் வீழ்ந்தது. 2022இல் அந்நியச் செலாவணி இல்லாமற்போக, வெளிநாட்டுச் சோளமும் வரவில்லை. கோழித்தீனி விலை ஏறியது. பண்ணைகள் பல மூடப்பட்டன. முட்டை விலை ஏழையின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போயிற்று. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டையையே இறக்குமதி செய்யவேண்டிய நிலை வந்தது. உலகச் சந்தையில் ஒரு பொருள் தட்டுப்பட்டால் கொட்டகலைக் கடையில் முட்டை காணாமற் போகிறது. லயத்தின் பின்புறத்தில் தவிடும் புழுவும் கோவா இலையும் தின்று வாழும் கோழி அந்தச் சந்தையை நம்பியிருப்பதில்லை.

இன்னும் முக்கியமான காரணம் ஒன்று உண்டு. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்தனர். பெருந்தோட்டப் பகுதியை மட்டும் தனியே நோக்கினால் அத்தொகை நூற்றுக்கு 32 அளவில் நின்றது. மூன்று பிள்ளைகளில் ஒரு பிள்ளை! காலையில் ரொட்டியும் தேநீரும், மாலையில் சோறும் ஒரு மரக்கறியும் என்று வயிறு நிறைந்து, சத்து நிறையாமல் வளரும் பிள்ளைகள் அவர்கள். ஒரே அடுப்பிலிருந்து உண்ணும் கோழிக்கும் குழந்தைக்கும் குறை ஒன்றாகவே இருப்பதில் வியப்பில்லை. கோழி முட்டையை நிறுத்திக்கொள்கிறது. குழந்தை வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது.

தென்னமெரிக்காவின் மலைநாடாகிய எக்குவடோரில், ஆறு மாதம் முதல் ஒன்பது மாதம் வரையான குழந்தைகளுக்கு ஆறு மாத காலம் நாளொன்றுக்கு ஒரு முட்டை கொடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2017இல் வெளியாயிற்று. முட்டை உண்ட குழந்தைகளிடையே குன்றிய வளர்ச்சி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பின்னர் ஆபிரிக்காவின் மலாவி நாட்டில் நடந்த ஆய்விலே அத்தகைய பெரும்பயன் காணப்படவில்லை. அங்குள்ள குழந்தைகள் ஏற்கனவே மீன் உண்பவர்கள். குன்றிய வளர்ச்சியும் அவர்களிடையே முன்னரே குறைவாக இருந்தது. ஆகவே முட்டையை மந்திரமென்று கொள்ளாவிடினும், புரதம் குறைந்த தட்டுள்ள வீட்டிலே அதன் மதிப்பு மிகப் பெரிது என்று கொள்ளத் தடையில்லை.

இங்கே தாய்மாரிடம் ஒரு வேண்டுகோள். கோழி மீண்டும் முட்டையிடத் தொடங்கியதும், அம்முட்டை முதலில் கடைக்குப் போகும் வழக்கம் உண்டு. கைச்செலவுக்குக் காசு வேண்டியதே. அதை யாரும் மறுப்பதற்கில்லை. ஆனால் முட்டையை விற்று அந்தக் காசுக்குக் கோதுமை மா வாங்கினால், கோழி தவிட்டிலிருந்தும் புழுவிலிருந்தும் பாடுபட்டுத் திரட்டிய புரதத்தை மாவுக்கு மாற்றியவராவோம். நான்கு கோழிகள் மாறி மாறி இட்டால் வாரத்தில் மூன்று முட்டை குழந்தைக்கென ஒதுக்குவது இயலாத காரியமன்று. நான்காவது முட்டை விலைக்குப் போகட்டும். வீட்டில் கருவுற்ற மருமகள் இருந்தால் அவளுக்கும் ஒரு பங்கு வைக்கட்டும்.

ஆகவே முட்டை நின்ற கோழியைக் கண்டதும் கத்தியைத் தேடுமுன், நான்கு வாரம் தவணை கொடுங்கள். அதற்குத் தவிடும் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் கலந்த தீனி, ஒரு தட்டு முட்டை ஓடு, ஒரு சட்டித் தண்ணீர் வையுங்கள். அக்கணக்கை எழுதி வைக்கும் பொறுப்பைப் பள்ளிக்கூடம் போகும் மூத்த பிள்ளையிடம் ஒப்படையுங்கள். எந்த நாளில் எவ்வளவு தீனி கொடுத்தோம், எந்த நாளில் எந்தக் கோழி முட்டையிட்டது என்று அப்பிள்ளை ஓர் அப்பியாசக் கொப்பியில் குறித்து வரட்டும். நான்காம் வாரத்து முடிவில் அந்தக் கொப்பியைத் திறந்து பார்த்தால், கண்ணூறும் இல்லை, சோம்பலும் இல்லை, சட்டியில் இருந்ததே அகப்பையில் வந்திருக்கிறது என்பதை வீட்டார் அனைவரும் தாமே கண்டுகொள்வர்.